ஆக்சியான் டீச்சர்

சுகிர்தாவும் நானும் ஒரே நாளில்தான் உத்திரமேரூர்ப் பக்கத்தில் அந்தப் பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தோம். அவள் இயற்பியல், நான் தமிழ். ஆசிரியர் அறையில் அன்றைக்கு இரண்டு நாற்காலிதான் காலியாக இருந்தன. அவையும் பக்கத்துப் பக்கத்தில். எங்கள் சிநேகிதம் நாற்காலியால் வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் மாறுதலில் போனார்கள், எத்தனையோ பேர் வந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் அந்த நாற்காலிகளை விடவில்லை.

அவளுடைய ஊர் திருப்புலிவனம் தாண்டி உள்ளே போகவேண்டிய சின்ன ஊர். அப்பா, அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தவர்கள். காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலில் தங்கி எம்.எஸ்சி. முடித்தாள், பி.எட். படித்தாள், தேர்வு எழுதி வேலைக்கு வந்தாள். பள்ளி விழாக்களில் யாராவது மேடையில் அவளைக் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது.

"அது எங்க அப்பா அம்மாவப் பத்தின சேதி. என்னப் பத்தி வேற எதனா சொல்லச் சொல்லு" என்று என் காதோடு சொல்வாள்.

அவள் கணவர் செந்தமிழன் நெல் அறுக்கும் வண்டி ஓட்டுகிறவர். நவரை அறுப்பு, சொர்ணவாரி அறுப்பு என்று இந்தப் பக்கம் வேலை இருக்கும்வரை இங்கே இருப்பார். அது முடிந்ததும் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போய்விடுவார். வீட்டில் இன்னொருவர் கனகா, செந்தமிழனின் அக்கா. கல்யாணமான மறு வருஷமே திரும்பி வந்துவிட்டவர். ஏன் வந்தார் என்று அவர் சொன்னதில்லை, இவர்கள் கேட்டதில்லை. தொடக்கப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறார். சுகிர்தா அவரை அண்ணி என்று கூப்பிடுவாள். அந்த வீட்டுச் சமையலறைக்குள் சுகிர்தா போய் நான் பார்த்ததில்லை. போனால் கனகா விரட்டிவிடுவார்.

வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் கழித்து ஒரு கோடை விடுமுறையில், சென்னையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். எல்லோரும் சலித்துக்கொண்டே போனார்கள். அவளும் அப்படித்தான் போனாள். அங்கே வெங்கடேசன் என்ற பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசினார். நட்சத்திரக் கூட்டங்கள் சுழலும் வேகத்தை வைத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரிகிற பொருளைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு தெரியாத பொருள் பிரபஞ்சத்தில் இருக்கவேண்டும். அது என்ன என்று யாருக்கும் தெரியாது. அதுவாக இருக்கலாம் என்று சொல்லப்படுகிறவற்றில் ஒன்று ஆக்சியான். ஒரு சலவைப் பொடியின் பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள். அணுக்கருவைப் பற்றிய ஒரு கணக்கில் வெகு நாளாக இருந்த கறையை இந்தத் துகள் எடுத்துவிடும் என்ற நம்பிக்கையில் வைத்த பெயர். இதைச் சொன்னதும் கூட்டம் சிரித்தது. சுகிர்தா சிரிக்கவில்லை. அதற்கு முந்திய வாக்கியத்திலேயே அவள் நின்றுவிட்டாள். பிரபஞ்சம் தோன்றிய புதிதில் இந்த ஆக்சியான் புலம் அசையாமல் நின்றது என்று அவர் போகிறபோக்கில் சொல்லியிருந்தார்.

டீ இடைவேளையில் அவரைத் தேடிப் போய்க் கேட்டிருக்கிறாள்.

"சார், அது ஏன் நின்னுச்சு?"

அவர் விளக்கியிருக்கிறார்.

"அப்புறம் எப்ப கெளம்புச்சு?"

"அதத்தாம்மா நிறைய பேர் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்காங்க" என்றாராம். "உங்களுக்கு நேரம் இருந்தா நீங்களும் போடலாம்."

அவர் மரியாதைக்குச் சொன்னது. இவள் அதை அழைப்பாக எடுத்துக்கொண்டாள். அடுத்த வருஷமே அவரிடம் பகுதிநேர பிஎச்.டி.க்குப் பதிவு செய்துவிட்டாள்.

எனக்கு அதை அவள் சொல்லிப் புரியவைத்தது ஒரு மழை நாளில். பிள்ளைகளை மதியமே அனுப்பிவிட்டிருந்தார்கள், பஸ் வரவில்லை. புலம் என்றால் எனக்குத் தெரிந்தது வயல்தான் என்றேன்.

"வயலுன்னே வெச்சிக்கோ. எல்லா எடத்துலயும் பரவிக் கீது. அதுல ஒவ்வொரு எடத்துலயும் ஒரு ஊசல் தொங்குதுன்னு நெனச்சிக்கோ. ஒரு பக்கமா தூக்கினாப்புல நிக்குது. வுட்டா ஆடணும், இல்லியா?"

"ஆமா."

"ஆடல. பிரபஞ்சம் அவ்ளோ வேகமா விரிஞ்சிக்கினு கீது. அந்த வேகமே அத ஆடவுடாம புடிச்சிக்கினு கீது. போகப்போக விரியற வேகம் கொறையுது. பிடி தளருது. ஒரு கட்டத்துல ஊசல் ஆட ஆரம்பிக்குது. அந்த ஆட்டம்தான் ஆக்சியான். அப்ப ஆரம்பிச்சது இன்னும் நிக்கல."

"இன்னிக்கும் ஆடுதா?"

"அப்படி ஒன்னு இருந்தா, இங்க இந்த ரூமுலயே ஆடிக்கினு கீது."

நான் என்னை அறியாமல் அறையைச் சுற்றிப் பார்த்தேன். அட்டெண்டன்ஸ் அலமாரி, உடைந்த குளோப், காய்ந்துகொண்டிருந்த இரண்டு குடைகள். அவள் சிரித்தாள்.

செந்தமிழனிடமும் இதையே சொல்லியிருக்கிறாள். அவர் தன் வண்டி சேற்றில் மாட்டிக்கொள்வதைச் சொல்லி, அது மாதிரிதானே என்று கேட்டிருக்கிறார். "சேறு ஒரு பொருளு. இங்க பொருளு எதுவும் இல்ல. எடமே இழுபடறதுதான் தடுக்குது" என்றாளாம் இவள். எடம் எப்படி இழுபடும் என்று அவர் கேட்க, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நாளைக்குச் சொல்றேன்" என்றிருக்கிறாள். அவர் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார்.

அவள் எடுத்துக்கொண்ட கேள்வி அந்த ஊசலைக் கிட்டத்தட்ட தலைகீழாக நிறுத்தினால் என்ன ஆகும் என்பது. சற்றுச் சாய்ந்து நிற்கிற ஊசல், பிடி தளர்ந்ததும் கீழே வந்துவிடும். உச்சிக்கு மிக அருகில் நிற்பதோ எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும். மற்றவை ஆட ஆரம்பித்த பிறகும் நின்றுகொண்டிருக்கும். முதலில் ஆட ஆரம்பித்தது, பிரபஞ்சம் விரிய விரிய முதலிலேயே நீர்த்துப்போகத் தொடங்கும். தாமதமாக இறங்கியதற்கு நீர்த்துப்போக அவ்வளவு அவகாசம் இல்லை. ஆகவே இன்றைக்கு மிச்சம் அதிகம். எவ்வளவு அதிகம்? அதுதான் அவள் கணக்கு. எதையும் தேடிப்பிடிக்கிற கருவி வேண்டாம், பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு மடிக்கணினியும் பொறுமையும் போதும் என்பதால்தான் வெங்கடேசன் அதை அவளுக்குக் கொடுத்தார்.

அந்த மடிக்கணினி ஒரு சமன்பாட்டை மறுபடி மறுபடி போட்டுக்கொண்டே இருக்கும். அவள் காலையில் அதை ஓடவிட்டுவிட்டுப் பள்ளிக்கு வருவாள். சாயங்காலம் போனால் திரையில் ஒரு வளைகோடு காத்திருக்கும். அல்லது கரண்டு போய் ஒன்றும் இருக்காது. அப்படி வெறும் திரையைப் பார்த்த மறுநாள் அவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும். சனிக்கிழமைகளில் செங்கல்பட்டு போய் ரயிலேறிச் சென்னைக்குப் போவாள். கனகா சோறு கட்டிக் கொடுப்பார். வெங்கடேசனுக்கும் சேர்த்துத்தான், அவர் மனைவியை இழந்தவர் என்று தெரிந்ததிலிருந்து அப்படி.

இதற்குள் தெருவில் அவளுக்கு ஆக்சியான் டீச்சர் என்று பெயர் வந்துவிட்டது. பிளஸ் டூ பிள்ளைகள் ஆரம்பித்தது. தெரு கொஞ்சம் தள்ளிப் போனால் அதுவே ஆக்சிஜன் டீச்சர் ஆகிவிடும்.

கொரோனா இரண்டாம் அலையின்போது அந்தத் தவறான பெயரைக் கேட்டு ஒருவர் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கிருஷ்ணசாமி என்று பெயர், மானாம்பதிப் பக்கம், டூரிஸ்ட் வேன் வைத்திருக்கிறவர். அவருடைய மனைவிக்கு மூச்சுத் திணறல். இங்கே ஒரு டீச்சரிடம் ஆக்சிஜன் கிடைக்கும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"என்னாண்ட சிலிண்டர் எதுவும் இல்லிங்க. நான் வெறும் டீச்சரு" என்றாள் சுகிர்தா.

அவர் திரும்பி நடந்தார். அந்த நடையைப் பார்த்ததும் அவளால் உள்ளே போக முடியவில்லை. கூப்பிட்டு வேப்ப மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, போனை எடுத்துத் தெரிந்த எல்லோரையும் கூப்பிட ஆரம்பித்தாள். என்னைக் கூப்பிட்டாள். பழைய மாணவிகளைக் கூப்பிட்டாள். செங்கல்பட்டில் நர்ஸாக இருந்த ஜெனிஃபர் என்ற மாணவி, ஒரு படுக்கை காலியாகப்போகிறது, உடனே கூட்டிவரச் சொல்லுங்கள் என்றாள். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். கிருஷ்ணசாமி பிறகு ஒரு பூசணிக்காயோடு வந்தார். உங்களுக்கு எப்ப வேன் வேணும்னாலும் சொல்லுங்க என்றார். வேன் எதற்கு, நாங்கள் எங்கே போகப்போகிறோம் என்று கனகா கேட்டதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

ஆய்வு முடியும் தருவாயில்தான் அது நடந்தது. அரையாண்டுத் தேர்வுத் தாள்கள் திருத்திக்கொண்டிருந்தோம். சுகிர்தா போனைப் பார்த்தவள் அப்படியே சிவப்பு மைப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"பிரபா, வந்துடுச்சு."

"யாரு?"

"இது." போனைக் காட்டினாள். ஐரோப்பாவில் ஐந்து பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு வளைகோடு இருந்தது. அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதே வளைகோடு. அதே இடத்தில் ஏறி, அதே இடத்தில் வளைந்தது.

"உன்னோடத எடுத்துட்டாங்களா?" என்றேன் பதறிப்போய்.

"அவங்களுக்கு என்னத் தெரியவே தெரியாது. அவங்க வேற வழியில வந்துருக்காங்க. எவ்ளோ பெரிய கம்ப்யூட்டரு தெரியுமா அது? ஆனா பாரு, அதே எண்ணு." அவள் முகம் மலர்ந்திருந்தது. "அப்ப நான் போட்டது சரிதான், பிரபா. இம்மா நாளா சரியா தப்பான்னு சொல்ல ஆளே இல்லாம இருந்துது."

அவள் நடிக்கவில்லை. எனக்குத் தெரியும். அன்றைக்கு முழுக்க அவள் சந்தோஷமாகவே இருந்தாள். திருத்திய தாள்களில் தாராளமாக மதிப்பெண் போட்டாள்.

சனிக்கிழமை வெங்கடேசன் அவளுக்கு மறுபக்கத்தைச் சொன்னார். யாரோ வெளியிட்டுவிட்ட முடிவை மட்டும் வைத்துப் பட்டம் கேட்க முடியாது. புதிதாக ஓர் அத்தியாயம் வேண்டும். இன்னும் ஒன்றரை வருஷமாவது ஆகும். அவள் சரி என்று சொல்லிவிட்டு வந்தாள். திங்கட்கிழமை காலை கனகா பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அன்றைக்கு மட்டும் சுகிர்தாவிடம் பார்த்துக்கொள் என்று சொல்லி வெளியே போயிருக்கிறார். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து போய்விட்டது. திரும்பி வந்தபோது சுகிர்தா பால் பாத்திரத்துக்கு முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"பாலுக்கா அயுவுற?" என்று கேட்டிருக்கிறார் கனகா.

"இல்ல அண்ணி."

"அப்ப அந்தாண்ட போய் அயுவு. நான் அடுப்பத் தொடைக்கணும்."

பின்னால் அவளே இதை என்னிடம் சொல்லிச் சிரித்தாள். செந்தமிழன் மட்டும் இரண்டு நாள் அந்த ஐந்து பேர்மேல் கோபமாக இருந்தார். நாம ஓட்டிக்கினு இருக்கற கழனில எதிர்ப்பக்கத்துலேர்ந்து இன்னொரு வண்டி எறங்கினா மாதிரி கீது என்றார். "எறங்கினாங்க. நடுவுல ரெண்டு வண்டியும் ஒழுங்கா சேர்ந்துடுச்சு இல்ல? அதப் பாரு" என்று சுகிர்தா சொன்னதும் அவருக்குச் சமாதானம் ஆகிவிட்டது.

புதிய அத்தியாயத்தை அவளே கண்டுபிடித்தாள். எல்லோரும் ஆரம்பத்தில் பிரபஞ்சம் இன்ன வேகத்தில் விரிந்தது என்று ஒரு கணக்கை வைத்துக்கொண்டுதான் மேலே போகிறார்கள். அந்தக் காலத்தை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. ஆக்சியான் ஆடத் தொடங்கிய அந்த நேரத்தில் வேகம் வேறாக இருந்திருந்தால்? உச்சியில் நின்ற ஊசல் இன்னும் தாமதமாக இறங்குமா, அதன் மிச்சம் ஏறுமா, குறையுமா? மறுபடியும் காலையில் மடிக்கணினியை ஓடவிட்டுவிட்டுப் பள்ளிக்கு வர ஆரம்பித்தாள். அந்த ஒன்றரை வருஷத்தில் அவள் சலித்துக்கொண்டு நான் பார்க்கவில்லை. ஒரு தடவை, விடை கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்று கவலையாக இருக்கிறது என்றுகூடச் சொன்னாள்.

பொது வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். பிஎச்.டி.க்குக் கடைசியில் நடக்கிற தேர்வு அது. பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். நடைமுறையில் அந்தத் துறை மாணவர்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள். வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது வழக்கம் என்று சுகிர்தா வீட்டில் சொன்னது தவறாகப் போயிற்று.

"எத்தினி பேருக்கு?" என்றார் கனகா.

"ஓட்டல்ல சொல்லிடலாம் அண்ணி."

"ஓட்டல்ல சொல்றதுக்கு நான் எதுக்கு கீறேன்?"

ஆகவே கிருஷ்ணசாமியின் வேன் வந்தது. எங்கள் தலைமையாசிரியை சசிரேகா, நான், இன்னும் மூன்று ஆசிரியைகள், செந்தமிழன், அவர் கூட வேலை செய்கிற இரண்டு பேர், சுகிர்தாவின் அம்மா. பின் இருக்கைகளை எடுத்துவிட்ட இடத்தில் கனகாவும் அவருடைய அண்டாக்களும். சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு, கேசரி, வடைக்கு ஊறவைத்து அரைத்த மாவு. வடையை அங்கே போய்ச் சுடுவதாகத்தான் அவர் இருந்தார். சசிரேகா மேடம்தான் கெஞ்சிக் கூத்தாடி, கிளம்புவதற்கு முன்பே சுடவைத்தார். தாம்பரம் வரைக்கும் வேன் முழுக்கப் பெருங்காய வாசனை. சுகிர்தா பட்டுப்புடவை கட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். ஜெபம் பண்ணுகிறாளா, பேசப்போவதைச் சொல்லிப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை.

போகிற வழியில் ஒரு சின்னத் தாளை என் கையில் கொடுத்தாள். பொதுமக்களில் யாராவது ஒருவர் கேள்வி கேட்டால்தான் நன்றாக இருக்கும் என்று வெங்கடேசன் சொன்னாராம். உங்கள் ஆய்வின் எதிர்கால வாய்ப்புகள் என்ன என்ற கேள்வி ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. "சும்மா எழுந்து இதக் கேளு. எனக்கு பதில் தெரியும்" என்றாள். நான் செங்கல்பட்டிலிருந்து அதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

கருத்தரங்க அறை குளிரூட்டப்பட்டது. ஹைதராபாத்திலிருந்து தேர்வாளராக ஒரு பேராசிரியை வந்திருந்தார். நரைத்த தலை, கதர்ப் புடவை. நாங்கள் வரிசையாக நுழைந்ததும் அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். இவ்வளவு கூட்டத்தை அவர் எதிர்பார்க்கவில்லை.

சுகிர்தா ஆங்கிலத்தில் பேசினாள். வகுப்பில் பேசுகிற அதே நிதானம். படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. செந்தமிழன் தொடைமேல் கைகளை வைத்துக்கொண்டு, சர்ச்சில் உட்கார்வதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த வளைகோடு வந்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. சொந்தக்காரரைக் கூட்டத்தில் பார்த்ததுபோல் இருந்தது. தேர்வாளர் நிறையக் கேட்டார். சிலவற்றுக்கு உடனே பதில் சொன்னாள். ஒன்றுக்கு மட்டும் கரும்பலகைக்குப் போய் ஒரு வரி எழுதி, யோசித்து, அழித்து, மறுபடி எழுதினாள். அவர் தலையசைத்தார்.

பிறகு வெங்கடேசன் எழுந்து, பொதுமக்கள் கேள்வி கேட்கலாம் என்றார். தமிழிலும் சொன்னார். நான் தாளை மடித்து எழுந்திருக்கப் போனேன். எனக்கு முந்தி, கடைசி வரிசையில் கனகாவின் கை உயர்ந்தது.

"தமிள்ல கேக்கலாமா?"

"கேளுங்கம்மா."

கனகா எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். வெங்கடேசனைப் பார்க்கவில்லை. நேரே சுகிர்தாவைப் பார்த்தார்.

"இம்மா வருசமா பண்ணிக்கினு இருந்தியே. அது கீதா, இல்லியா?"

மாணவர்கள் சிலர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். வெங்கடேசன் தேர்வாளர் பக்கம் குனிந்து மொழிபெயர்த்தார். சுகிர்தாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். தேர்வாளரின் கேள்விகளுக்கு வராத தயக்கம் இதற்கு வந்தது. கனகா கேட்டது, அத்தனை காலைகளில் அடுப்படியில் தனியாக நின்றவரின் கேள்வி. அதற்குச் சுற்றி வளைத்துப் பதில் சொல்ல முடியாது.

"தெரியாது அண்ணி" என்றாள். "யாரும் இன்னும் பாக்கல."

"பாக்காமத்தான் இவ்ளோ படமும் போட்டியா?"

"அது இருந்தா, ஆரம்பத்துல எப்படி நடந்துக்கினு இருந்திருக்கும், இன்னிக்கு எவ்ளோ மிச்சம் இருக்கும், எந்த எடத்துல தேடணும். அதத்தான் போட்டேன். தேடறவங்க வேற ஊருல, பெரிய பெரிய காந்தத்த வெச்சிக்கினு தேடறாங்க."

"தேடி இல்லன்னு போயிட்டா?"

"போயிட்டா அந்த எடத்துல இல்லன்னு தெரியும். வேற எடத்துல தேடுவாங்க. எங்கயுமே இல்லன்னா, வேற எதுவோ ஒன்னு கீது. அப்ப என் கணக்கு தப்பாயிடாது. அதுக்கு வேல இல்லாம போயிடும், அவ்ளோதான்."



"செரி" என்று சொல்லிக் கனகா உட்கார்ந்தார்.

தேர்வாளர் அம்மாள் வெங்கடேசனிடம் ஏதோ கேட்டார். அவர் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, அந்த அம்மாள் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டே கேட்டார். வேறு கேள்வி உண்டா என்றார்கள். நான் என் தாளைக் கைப்பைக்குள் போட்டுவிட்டேன். பட்டத்துக்குப் பரிந்துரை செய்வதாக அறிவித்ததும் நாங்கள் கைதட்டினோம். செந்தமிழன் மட்டும் கைதட்டாமல், இனி தட்டலாமா என்று என்னைப் பார்த்தார். நான் தலையாட்டியதும் தட்ட ஆரம்பித்து, எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டினார். சுகிர்தாவின் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், பாசாயிட்டாளா என்று கேட்டார்.

சாப்பாடு மரத்தடியில். துறை மாணவர்கள் எங்கிருந்தோ பெருகி வந்தார்கள். ஹைதராபாத் அம்மாள் இரண்டாம் முறை கேசரி கேட்டார். கனகாவிடம் தெலுங்கில் ஏதோ சொல்ல, கனகாவும் புரிந்ததுபோல் பதில் சொன்னார். எங்கள் பக்கத்துப் பேச்சில் தெலுங்கு கொஞ்சம் கலந்துதானே கிடக்கிறது. கிருஷ்ணசாமி தன் மனைவிக்குப் போன் போட்டு, டீச்சரம்மா டாக்டராயிட்டாங்க என்று சத்தமாகச் சொன்னார். அந்த அம்மாள் என்ன நினைத்துக்கொண்டாரோ, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டது எங்களுக்கும் கேட்டது.

திரும்பி வரும்போது காலியான அண்டாக்கள் பின்னால் உருண்டுகொண்டிருந்தன. கனகா அதில் ஒன்றைக் காலால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுகிர்தா முன்னிருக்கையிலிருந்து எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கோவமா அண்ணி?"

"எதுக்கு?"

"இருக்குதா இல்லியான்னே தெரியாம இம்மா நாளு..."

"மொதல்லயே சொல்லியிருந்தா மட்டும் நான் இன்னா இட்லி சுடாம இருந்துருப்பேனா? கேக்கணும்னு தோணுச்சு. கேட்டேன்." கொஞ்சம் கழித்து, "அந்தம்மா கேட்டதுக்கெல்லாம் நல்லாத்தான் பதில் சொன்ன" என்றார். "இங்கிலீசுல."

சுகிர்தா அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். செங்கல்பட்டு வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

இப்போது அவள் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போடுகிறார்கள். வேறு பெரிய மாற்றம் இல்லை. கல்லூரி வேலைக்கு விண்ணப்பிக்கச் சொன்னார் வெங்கடேசன்; பார்க்கலாம் சார் என்றாள். சனிக்கிழமைகளில் சென்னைக்குப் போவதில்லை. இந்த மழைக்கு வைரமேக ஏரி நிரம்பியபோது கணவனும் மனைவியுமாக பைக்கில் போய்க் கலங்கல் வழிவதைப் பார்த்துவிட்டு, வறுத்த மீன் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். அவ்வளவு நேரம் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

போன மாதம் அந்த ஐரோப்பிய ஐந்து பேரில் ஒருவர் அவளுக்கு மின்னஞ்சல் எழுதியிருந்தார். அவளுடைய கடைசி அத்தியாயத்தில் உள்ள கணக்கைத் தங்கள் அடுத்த வேலைக்குப் பயன்படுத்த விரும்புவதாகவும், ஓர் இடத்தில் சந்தேகம் இருப்பதாகவும். அவள் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் தள்ளிவைத்துவிட்டு, பதில் தட்டினாள். எழுதி, படித்து, ஒரு வரியை அழித்து, மறுபடி எழுதினாள்.

"இன்னா கேக்கறாங்க?" என்றேன்.

"ஒரு எடத்துல பிளஸ் மைனஸ் குறி தப்பா இருக்குமோன்னு கேக்கறாரு. பாத்தேன். தப்பு இல்ல. ஆனா ஏன் அப்படித் தோணுதுன்னு எனக்குப் புரியுது. எனக்கும் அங்கதான் தோணுச்சு."

மணி அடித்தது. அனுப்பு என்பதை அழுத்திவிட்டு, பதினோராம் வகுப்புக்கு எழுந்து போனாள்.